லைன் என்றால் எந்த லைன்?

கரண்ட் போனால் லைன்மேனுக்குப் போன் போடுகிறோம். அவருடைய லைன் பிஸியாக இருக்கிறது. ரேஷன் கடையில் 'லைன்ல வாங்க' என்று அதட்டுகிறார்கள். வகுப்பில் டீச்சர் ரெண்டு லைன் விட்டு எழுதச் சொல்கிறார். பிளஸ் டூ முடித்த பையனிடம் மாமா, 'எந்த லைன்ல போறதா உத்தேசம்?' என்கிறார். அதே பையன் பஸ் ஸ்டாப்பில் லைன் அடித்துக்கொண்டிருந்ததாக அத்தைக்குத் தகவல் வந்திருக்கிறது. கோவை, திருப்பூர்ப் பக்கம் வாடகைக்குக் கிடைப்பது லைன் வீடு. இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைத் துரைமார் குடிவைத்த வரிசை அறைகளுக்கு லயன் என்று பெயர். லயம் என்றும் சொல்வார்கள். அதுவும் இதே ஆங்கிலச் சொல்தான், மலையக நாவில் புரண்டு உருமாறியது.

ஒரே ஒலி, இத்தனை பொருள். ஆனால் யாரும் தடுமாறுவதில்லை. லைன்மேன் என்றதும் ரேஷன் கடை வரிசையை ஒழுங்குபடுத்தும் ஆள் என்று குழந்தைகூட நினைப்பதில்லை. காதுக்குள் நுழைவது 'லைன்' என்ற ஓசை மட்டும். அது மின்கம்பியா, வரிசையா, வரியா, தொழிலா என்று தீர்மானிப்பது யார்? எந்தச் சாட்சியத்தை வைத்து? எவ்வளவு நேரத்தில்? மனத்தை ஆராய்பவர்களும் கணினிக்கு மொழி கற்றுத்தருபவர்களும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்விகளோடு மல்லுக்கட்டுகிறார்கள். அதிலும் கணினிக்காரர்கள் தங்கள் சோதனைகளுக்குத் தேர்ந்தெடுத்த சொற்களில் ஒன்று, தற்செயலாக, இந்த லைன்தான்.

இவ்வளவு பொருள்கள் எப்படிச் சேர்ந்தன என்று முதலில் பார்க்கலாம்.

லத்தீனில் லினும் என்றால் ஆளிச் செடி. இப்போது சூப்பர் மார்க்கெட்டில் ஃப்ளாக்ஸ் சீட்ஸ் என்று பாக்கெட்டில் விற்கிறார்களே, அந்த ஆளி விதையின் செடி. அதன் தண்டிலிருந்து நார் எடுத்துத் திரித்த சரடு லினியா. லைன் அங்கிருந்து வந்தது. லினன் சட்டையும் அதே செடியிலிருந்து வந்ததுதான். கோட்டுக்கு உள்பக்கம் லினன் துணி வைத்துத் தைத்ததால் அது லைனிங். ஆளி விதை எண்ணெய் கலந்து செய்த தரைவிரிப்பு லினோலியம். ஆகவே, லைன் என்ற சொல்லின் முதல் பொருள் கோடு அல்ல, கயிறு. துணி காயப்போடும் கொடியும் தூண்டில் நரம்பும் ஆங்கிலத்தில் இன்றைக்கும் லைன்தான்.

கயிற்றிலிருந்து கோட்டுக்குப் போன வழியைப் புரிந்துகொள்ளக் கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். கொத்தனார் சுவரின் இரு முனைகளிலும் ஆணி அடித்து நூல் கட்டுகிறார். இழுத்துக் கட்டிய நூல் நேராக இருக்கும். அதை ஒட்டிச் செங்கல் வைக்கிறார். வேலை முடிந்ததும் நூலை அவிழ்த்துவிட்டாலும் நேர் மட்டும் சுவரில் தங்கிவிடுகிறது. சொல்லுக்கும் இதுதான் நடந்தது. நார் போய் நேர் நின்றது. அந்த நேரிலிருந்து தடிமனையும் யூக்ளிட் கழித்துவிட்டு, அகலமே இல்லாத நீளம் என்ற கருத்தை வடிவியலுக்குக் கொடுத்தார். நேரின் மேல் ஆட்களை நிறுத்தினால் வரிசை, படைவீரர்களை நிறுத்தினால் போர்முனை, எழுத்துகளை நிறுத்தினால் வரி, வீடுகளை நிறுத்தினால் லயன். கயிறு இரண்டு முனைகளை இணைப்பது என்ற இன்னொரு குணத்தைப் பிடித்துக்கொண்டு தந்தி லைன், போன் லைன், ரயில்வே லைன் கிளைத்தன. தலைமுறைகளை இணைத்தால் வம்சம். ஒரே வகையில் அடுத்தடுத்து வரும் சரக்கு என்றால் ஒரு கம்பெனியின் புடவை லைன், சோப்பு லைன். ஒவ்வொரு கிளையும் பக்கத்துக் கிளையிலிருந்து ஓர் அடிதான் தள்ளி நிற்கிறது; ஆனால் தூண்டில் நரம்பையும் சோப்பு வகையையும் நேராகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு என்று ஒருவரும் நம்பமாட்டார்.

இதெல்லாம் ஊகம் அல்ல. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைத் தொகுத்தபோது தன்னார்வலர்கள் பழைய புத்தகங்களைப் படித்து, ஒவ்வொரு சொல்லும் எந்த ஆண்டில் எந்த வாக்கியத்தில் வந்தது என்று சின்னச் சின்னத் தாள்களில் எழுதி லட்சக்கணக்கில் அனுப்பினார்கள். ஆசிரியர் ஜேம்ஸ் மரே தன் தோட்டத்தில் இரும்புத் தகடு போட்ட கொட்டகை ஒன்றில் அவற்றைக் குவித்து, பொருள்வாரியாகவும் காலவாரியாகவும் அடுக்கினார். முதல் பகுதி 1884-இல் வந்தது. முழு அகராதி 1928-இல்தான் முடிந்தது. மரே அதைப் பார்க்கவில்லை, 1915-இலேயே காலமாகிவிட்டார். எந்தப் பொருள் மூத்தது, எது அதன் பிள்ளை என்று இன்று நாம் சொல்வதற்கு ஆதாரம் அந்தத் தேதியிட்ட தாள்கள்தான்.

தேதிகள் சில சமயம் விபரீதமான கதைகளையும் வெளியே கொண்டுவரும். டெட்லைன் என்ற சொல்லை அலுவலகத்தில் தினமும் புழங்குகிறோம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864-இல், ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில் போர்க்கைதி முகாமில் வெளிவேலிக்கு உட்புறமாக ஒரு தாழ்வான மரச்சட்டம் ஓடியது. அதைத் தாண்டிய கைதியைக் காவலர்கள் சுடலாம். அந்தச் சட்டத்தின் பெயர் டெட்லைன், உண்மையிலேயே சாவுக்கோடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில் அது கெடுநேரம் ஆகியிருந்தது. முகாமிலிருந்து நேராக வந்ததா, அச்சு எந்திரத்தில் இதற்குமேல் எழுத்து பதியாது என்று காட்டும் கோட்டின் வழியாக வந்ததா என்று வாதிடுவார்கள். எப்படி வந்திருந்தாலும், இடத்தில் போட்ட கோடு காலத்தில் போட்ட கோடாக மாறிவிட்டது.

கொத்தனாரின் நூலைச் சொன்னேன். தமிழில் அந்த நூலும் சும்மா இருக்கவில்லை. பஞ்சிலிருந்து நூற்ற இழையாகத் தொடங்கி, நேருக்கு அளவுகோலானது. ஆசாரிகளிடம் 'ஒரு நூல் குறைச்சுச் செதுக்கு' என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. புத்தகத்துக்கும் நூல் என்று பெயர். காதல் விஷயத்தில் 'நூல் விட்டுப் பாக்கிறான்' என்கிறோம். ஆளிச் சரடும் பஞ்சு நூலும் வேறு வேறு கண்டங்களில், ஒன்றை ஒன்று பார்க்காமல், எழுத்துக்கும் அளவுக்கும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. பஸ் ஸ்டாப் சமாச்சாரத்திலும் இரண்டும் சந்தித்துக்கொண்டது கூடுதல் வேடிக்கை. அங்கே நம் லைனை அனுப்பிவைத்தது நாம்தான், ஆங்கிலேயன் அல்ல.

இப்படி இரண்டு கருத்துகள் ஒரே சொல்லைப் பங்கிட்டுக்கொள்வதற்கு, 2008-இல் அலெக்சாந்த்ர் ஃபிரான்சுவா என்ற பிரெஞ்சு மொழியியலாளர் தனியாக ஒரு கலைச்சொல் உண்டாக்கினார். தமிழில் சொற்பகிர்வு என்று வைத்துக்கொள்ளலாம். அதன்பின் 3,000-க்கும் மேற்பட்ட மொழிகள், வட்டார வழக்குகளின் சொற்பட்டியல்களைச் சேர்த்து, எந்தெந்தக் கருத்துகள் அடிக்கடி ஒரே சொல்லில் வருகின்றன என்று தேடும் தரவுத்தளம் ஒன்று உருவாகியிருக்கிறது. உறவில்லாத மொழிகளில்கூட ஒரே ஜோடிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. நிற்கும் மரமும் அறுத்த மரமும் ஒரு ஜோடி. நிலவும் மாதமும் இன்னொன்று. மரம், திங்கள் என்ற நம் சொற்களை நினைத்துப் பாருங்கள். ஒரு சொல் பல பொருள் எடுப்பது கண்டபடி நடப்பதில்லை. மனித மனம் எவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறதோ அந்தத் தடத்தில்தான் பெரும்பாலும் நடக்கிறது.

பொருள்கள் சேர்ந்த கதை இது. கேட்கும்போது ஒன்றைப் பொறுக்குவது எப்படி?

சுலபமான விடை ஒன்று தோன்றும். முன்னால் வந்த சொற்கள் வழிகாட்டிவிடுகின்றன; ஆகவே மனம் தேவையான பொருளை மட்டும் எடுக்கிறது, மற்றவை பெட்டிக்குள்ளேயே தூங்குகின்றன. 1979-இல் டேவிட் ஸ்வின்னி என்ற அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட ஒரு சோதனை இந்த விடையைக் கவிழ்த்தது. ஹெட்போனில் சிலருக்கு ஒரு சிறு கதையை ஒலிக்கவிட்டார். அதில் பக் என்ற ஆங்கிலச் சொல் வரும். அதற்குப் பூச்சி என்றும் பொருள், ஒட்டுக்கேட்கும் கருவி என்றும் பொருள். சில கதைகளில் அந்தச் சொல்லுக்கு முன்பே சிலந்தி, கரப்பான் என்று சொல்லி, பூச்சிதான் என்பதில் சந்தேகமே இல்லாமல் செய்திருந்தார்கள். பக் என்ற ஒலி முடிந்த அந்தக் கணத்தில் எதிரே திரையில் ஓர் எழுத்துக்கூட்டம் தோன்றும். அது உண்மையான சொல்லா, பொருளற்ற எழுத்துக்கோவையா என்று பொத்தான் அமுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மனத்தில் ஏற்கெனவே விழித்திருக்கும் ஒன்றோடு தொடர்புடைய சொல்லை நாம் சற்று வேகமாக அடையாளம் காண்போம். இதை முன்தூண்டல் என்பார்கள். பூச்சிக் கதையைக் கேட்டவர்கள் 'எறும்பு' என்ற சொல்லை வேகமாக அடையாளம் கண்டதில் ஆச்சரியமில்லை. ஆனால் 'ஒற்றன்' என்ற சொல்லையும் அவர்கள் அதே போல வேகமாக அடையாளம் கண்டார்கள். கதையில் ஒற்றனுக்கு வேலையே இல்லை. அப்படியானால் அந்தக் கணத்தில் ஒட்டுக்கேட்கும் கருவியும் மனத்துக்குள் விழித்திருந்தது என்றுதான் அர்த்தம். அடுத்து, திரையில் சொல் தோன்றுவதை மூன்று அசை அளவு தாமதப்படுத்தினார்கள். இப்போது எறும்புக்கு மட்டும் வேகம் இருந்தது. ஒற்றன் மறுபடி சாதாரணச் சொல்லாகிவிட்டான்.

கல்யாண மண்டபத்தில் 'குமார்!' என்று ஒரு குரல் கொடுத்தால் நாலு தலை திரும்பும். கூப்பிட்டவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று தெரிந்ததும் மூன்று தலை மறுபடி இலைப் பக்கம் குனிந்துவிடும். மனமும் அப்படித்தான் செய்கிறது. எல்லாப் பொருளும் எழுந்து நிற்கின்றன, ஒரு நொடிகூட ஆவதற்குள் வேண்டாதவை உட்கார்ந்துவிடுகின்றன. அந்தச் சலசலப்பு நம் கவனத்துக்கு வருவதே இல்லை. 'எனக்கு ஒரே பொருள்தான் தோன்றியது' என்று சோதனைக்கு வந்தவர்கள் சத்தியம் செய்தாலும் அவர்களுடைய விரல் வேறு சாட்சி சொல்கிறது. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்: மனத்தை விசாரிக்க மனத்தின் வாக்குமூலத்தை நம்பாமல், பொத்தானை நம்பியது.

பின்னால் வந்தவர்கள் இந்தச் சித்திரத்தைத் திருத்தினார்கள். எல்லாப் பொருளும் ஒரே வேகத்தில் எழுவதில்லை; அடிக்கடி புழங்கும் பொருள் முந்திக்கொள்கிறது. கீத் ரேனர், சூசன் டஃபி முதலியோர் 1980-களில் வாசிப்பவர்களின் கண் ஒவ்வொரு சொல்லிலும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கருவி வைத்து அளந்தார்கள். முன்னால் எந்தக் குறிப்பும் இல்லாதபோது, இரண்டு பொருளும் சமமாகப் புழங்கும் சொல்லில் கண் சற்று அதிக நேரம் தங்கியது. ஒரு பொருள் மட்டும் ஓங்கியிருந்தால் கண் தயங்காமல் ஓடியது. ஆனால் வாக்கியம் முன்கூட்டியே அபூர்வமான பொருளைச் சுட்டிக்காட்டியிருந்தால் அங்கேயும் தயக்கம் வந்துவிட்டது. சூழல் கைகொடுத்துத் தூக்கிவிட்ட பொருளும் வழக்கமாக முந்தும் பொருளும் அப்போது மோதிக்கொள்கின்றன.

பொருள்களுக்குள் உறவு இருக்கிறதா என்பதும் முக்கியம். ஆங்கிலத்தில் பார்க் என்று ஒரு சொல்; நாயின் குரைப்பும் அதுதான், மரப்பட்டையும் அதுதான். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, ஒலி ஒன்றாகிப்போனது தற்செயல். லைன் அப்படி அல்ல. அதன் பொருள்கள் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 2002-இல் ஜென்னி ராட், கேரத் கேஸ்கல், வில்லியம் மார்ஸ்லன்-வில்சன் மூவரும் பிரிட்டனில் நடத்திய சோதனைகளில், உறவில்லாத பொருள்களைச் சுமக்கும் சொல்லை அடையாளம் காண நேரம் கூடியது. உறவுள்ள பல பொருள்களைக் கொண்ட சொல்லை அடையாளம் காண நேரம் குறைந்தது. பொருள் பெருகினாலே குழப்பம் என்ற எண்ணம் தப்பு. சுற்றம் பெரிதாக இருப்பது சொல்லுக்குப் பலமாகவும் அமையலாம்.

எந்தச் சாட்சியத்தை வைத்துத் தீர்ப்பு என்ற கேள்விக்கு நம்மிடம் ஒரு பழைய ஆவணம் இருக்கிறது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் பலபொருள் ஒருசொல்லை இரண்டாகப் பிரிக்கிறது. வினை வந்ததும் பொருள் தெளிவது ஒன்று; வினை வந்தும் தெளியாதது மற்றொன்று. முதல் வகையில் பொருளைக் கண்டுபிடிக்க மூன்று துப்புகளைச் சொல்கிறது: வினை, இனம், சார்பு. உரைகாரர்கள் மா என்ற சொல்லை வைத்து விளக்குவார்கள். அது மரமும் ஆகலாம், குதிரை போன்ற விலங்கும் ஆகலாம். பூத்தது என்ற வினை வந்தால் மரம். மருத மரத்தோடு சேர்த்துச் சொன்னால், இனத்தால், மரம். கவசம் அணிந்து நிற்பவன் மாவைக் கொண்டுவரச் சொன்னால், சூழ்நிலைச் சார்பால், குதிரை. வெறுமனே விழுந்தது என்றால்? மரமும் விழும், குதிரையும் விழும். அங்கே மாமரம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடு என்பது இலக்கணத்தின் யோசனை. எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அளப்பதற்குக் கருவி இல்லாத காலத்தில், வழக்கைக் கூர்ந்து கவனித்தே எங்கே துப்பு இருக்கிறது, எங்கே இல்லை என்று வகுத்திருக்கிறார்கள். பின்னால் கணினிக்காரர்கள் தேடிப்போனதும் இதே துப்புகளைத்தான்.

1949-இல் வாரன் வீவர் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர், எந்திரத்தைக் கொண்டு மொழிபெயர்க்க முடியுமா என்று ஒரு குறிப்பு எழுதிச் சுற்றுக்கு விட்டார். ஒரு பக்கத்தின் மேல் தடித்த அட்டையை வைத்து, அதில் ஒரு சொல் மட்டும் தெரியும் அளவு ஓட்டை போட்டால் அந்தச் சொல்லின் பொருளைச் சொல்ல முடியாது. ஓட்டையை இரு பக்கமும் அகலப்படுத்திக்கொண்டே போனால் ஓர் இடத்தில் பொருள் தெளிந்துவிடும். எவ்வளவு அகலம் வேண்டும் என்பதுதான் கேள்வி என்றார் வீவர். அடுத்த ஆண்டே ஏப்ரஹாம் கேப்லன் மனிதர்களை வைத்து அதைச் சோதித்தார். இருபுறமும் இரண்டிரண்டு சொற்களைக் காட்டினாலே போதும், முழு வாக்கியத்தைக் காட்டியதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று கண்டார். இது எந்திரக்காரர்களுக்கு நல்ல செய்தி.

கெட்ட செய்தியைச் சொன்னவர் யெஹோஷுவா பார்-ஹில்லெல். 1960-இல் அவர் ஒரு சின்ன உதாரணத்தை முன்வைத்தார். ஒரு சிறுவனின் பொம்மைப் பெட்டி பென்னுக்குள் இருக்கிறது என்று ஒரு வாக்கியம். ஆங்கிலத்தில் பென் பேனாவும் ஆகும், குழந்தை விளையாடும் கம்பித் தடுப்பும் ஆகும். பேனாவுக்குள் பெட்டி நுழையாது. ஆகவே தடுப்புதான் என்று நமக்கு உடனே தெரிகிறது. பக்கத்துச் சொற்களில் அந்தத் துப்பு இல்லை, உலகத்தில் இருக்கிறது. பேனா எவ்வளவு பெரியது, பெட்டி எவ்வளவு பெரியது என்ற சங்கதியை எந்திரத்துக்கு யார் சொல்வது? உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் சொல்லி முடிக்க முடியுமா? மனிதருக்கு நிகரான எந்திர மொழிபெயர்ப்பு நடக்காத காரியம் என்று அவர் முடித்தார். 1966-இல் அமெரிக்க அரசுக்காக ஒரு நிபுணர் குழு அளித்த அறிக்கைக்குப் பின் இந்தத் துறைக்கான பணமும் வற்றியது.

எண்பதுகளின் இறுதியில் கணினியில் செய்தித்தாள்கள் கோடிக்கணக்கான சொற்களாகச் சேர்ந்தபோதுதான் மறுபடி நம்பிக்கை துளிர்த்தது. உலகத்தைச் சொல்லித்தர முடியாவிட்டால் போகட்டும், சொல்லின் சகவாசத்தை எண்ணிப் பார்க்கலாமே. 1993-இல் க்ளாடியா லீக்காக், ஜெஃப்ரி டோவெல், எலன் வூர்ஹீஸ் மூவரும் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் முதலியவற்றிலிருந்து லைன் என்ற பெயர்ச்சொல் வரும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கியங்களை எடுத்தார்கள். அவற்றை மனிதர்கள் படித்து ஆறு பொருள்களாகப் பிரித்தார்கள்: சரக்கு வகை, தொலைபேசி இணைப்பு, எழுத்து வரி, ஆட்களின் வரிசை, கயிறு, எல்லை. பாதிக்கு மேல் சரக்கு வகை. வணிகப் பத்திரிகைக்கு அதுதானே லைன்! அந்தப் பெரும்பான்மையைச் சொல்லியே எந்திரம் ஒப்பேற்றிவிடக் கூடாது என்று, சோதனைக்கு ஆறிலும் சம எண்ணிக்கையில் வாக்கியங்களைக் கொடுத்தார்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் ஆறில் ஒன்றுதான் சரியாகும்.

அவர்கள் பயன்படுத்திய மூன்று முறைகளும் வாக்கியத்தின் அமைப்பைக் கண்டுகொள்ளவில்லை. எந்தச் சொல் முன்னால், எந்தச் சொல் பின்னால் என்றுகூடப் பார்க்கவில்லை. லைனைச் சுற்றி என்னென்ன சொற்கள் கிடக்கின்றன என்று ஒரு மூட்டையாகக் கட்டி, எந்த மூட்டை எந்தப் பொருளோடு அதிகம் வருகிறது என்று எண்ணியதோடு சரி. கிடைத்த மதிப்பெண்கள் 71, 72, 76 சதவீதம். இலக்கணம் தெரியாத, உலகம் தெரியாத ஒரு கணக்குப்பிள்ளை முக்கால்வாசிக்கு அருகே வந்துவிட்டது. இது ஒரு பக்கம் பிரமாதம். இன்னொரு பக்கம், நாலில் ஒரு தடவை தடுக்கி விழுவது, நம் வீட்டு வாண்டுகள் விழாத இடத்தில் விழுவது.

அதற்குப் பிறகு வந்தவை சொல்லை எண்களின் பட்டியலாக மாற்றும் முறைகள். இந்தப் பட்டியலுக்குத் திசையன் என்று பெயர். ஒரே மாதிரியான சூழலில் வரும் சொற்களுக்கு ஒன்றை ஒன்று ஒத்த எண்கள் கிடைக்கும்படி கணினி அவற்றைத் தானே சரிசெய்துகொள்ளும். 2013-இல் புகழடைந்த முறையில் ஒரு சொல்லுக்கு ஒரே பட்டியல். அதாவது கயிறும் போனும் சோப்பும் கலந்த ஒரு சராசரி லைன். எந்த வாக்கியத்துக்கும் சரியாகப் பொருந்தாத லைன் அது. 2018-இல் கூகுள் வெளியிட்ட பெர்ட் போன்ற மாதிரிகள் இதை மாற்றின. அங்கே ஒவ்வொரு வாக்கியத்திலும் லைனுக்குப் புதிதாக ஒரு பட்டியல், பெர்ட்டின் சிறிய வடிவத்தில் 768 எண்கள், உருவாகிறது. வாக்கியத்தின் மற்றச் சொற்கள் ஒவ்வொன்றும் அந்த எண்களைக் கொஞ்சம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்துகின்றன. இப்படிப் பல்லாயிரம் வாக்கியங்களின் எண்களைப் படமாக வரைந்தால் பொருள்கள் தாமாகவே தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்து நிற்பதைப் பார்க்கலாம். யாரும் ஆறு என்றோ பத்து என்றோ சொல்லித்தரவில்லை. இதனாலேயே மூளையும் இப்படித்தான் வேலை செய்கிறது என்று முடிவுகட்டிவிட முடியாது. ஸ்வின்னியின் பொத்தானுக்கு இணையான சாட்சியம் அதற்கு வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு, பொருளுக்கு ஒரு சொல் என்று மொழி ஒழுங்காக இருந்திருக்கக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். ஹார்வர்டில் இருந்த ஜார்ஜ் ஜிஃப் 1945-இல் ஒரு கணக்குக் காட்டினார். ஒரு சொல் எவ்வளவு அதிகம் புழங்குகிறதோ அதற்கு அவ்வளவு பொருள் கூடும். நூறு மடங்கு அதிகம் புழங்கும் சொல்லுக்குச் சுமார் பத்து மடங்கு பொருள் இருக்கும். 2012-இல் ஸ்டீவன் பியான்டடோசி, ஹாரி டிலி, எட்வர்ட் கிப்சன் இதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். குட்டையான, நாவுக்கு எளிதான ஒலிச்சேர்க்கைகள் எந்த மொழியிலும் கொஞ்சம்தான். ரேஷன் கடையில் நிற்கும்போது எந்த லைன் என்பதைச் சூழலே சொல்லிவிடுகிறது. சூழல் சொல்வதைச் சொல்லும் மறுபடி சொன்னால் மூச்சு வீண். ஆகவே எளிய ஒலிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது சிக்கனம். ஆங்கிலம், ஜெர்மன், டச்சு மூன்றிலும் குட்டையான, எளிதாக ஒலிக்கும் சொற்களே அதிகப் பொருள்களைச் சுமக்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள்.

லைனை விரட்டிவிட்டு நல்ல தமிழில் பேசினால் இந்தச் சிக்கல் தீரும் என்று நினைப்பவர்கள் ஒரு முயற்சி செய்து பார்க்கலாம். செய்யுளின் லைனுக்கு அடி என்று வைப்போம். அடி என்றால் பாதம், உதை, கீழ்ப்பகுதி, பன்னிரண்டு அங்குலம். மாமா கேட்ட லைனுக்குத் துறை. அது படகு வந்து அணையும் இடமும்தான், அரசாங்கத்தின் பிரிவும்தான், அகப்பொருள் இலக்கணத்தில் வேறொன்றும்தான்.

ஒரு தர்மசங்கடம் பாக்கி இருக்கிறது. லைனுக்கு மொத்தம் எத்தனை பொருள்? லீக்காக் குழு ஆறு என்று எடுத்துக்கொண்டது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வேர்ட்நெட் என்ற மின்னகராதி பெயர்ச்சொல் லைனுக்கு மட்டும் முப்பது பொருள் தருகிறது. பிரிப்பதற்கு மொழியியலாளர்களிடம் ஒரு பழைய சோதனை உண்டு: இரண்டையும் ஒரே வாக்கியத்தில் பூட்டிப் பார். 'கரண்ட் லைன் மாதிரியே ரேஷன் லைனும் அறுந்து போச்சு' என்றால் சிரிப்பு வருகிறது. எனவே வேறு வேறு பொருள். ஆனால் 'அந்த ரயில்வே லைனை மூடிட்டாங்க' என்றால் மூடியது தண்டவாளத்தையா, வண்டிப் போக்குவரத்தையா, அதை நடத்திய கம்பெனியையா? 'அந்த லைன் பழசு, ஆனா நல்ல லாபம்' என்று சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. எல்லை எங்கே என்று சுட்ட முடியவில்லை. பயிற்சி பெற்ற இருவரிடம் வேர்ட்நெட்டைக் கொடுத்து ஒரே உரையின் சொற்களுக்குப் பொருள் எண் குறிக்கச் சொன்னால், அவர்கள் ஒத்துப்போவது சுமார் 70 சதவீத இடங்களில்தான். சொற்பொருள்கள் என்று எண்ணத்தக்க பண்டங்கள் இருப்பதாகவே தான் நம்பவில்லை என்ற தலைப்பில் 1997-இல் கட்டுரை எழுதினார் ஆடம் கில்காரிஃப். அவர் பிழைப்பே அகராதி வேலைதான். வாக்கியங்கள் உண்டு, ஒன்றை ஒன்று ஒத்த வாக்கியங்களின் கொத்துகள் உண்டு. எந்த வேலைக்காகப் பிரிக்கிறோமோ அதற்கேற்ப எண்ணிக்கை மாறும் என்பது அவர் கட்சி. பெர்ட் வரைந்த படங்களைப் பார்த்தால் எனக்கும் அந்தக் கட்சியில் சேரத் தோன்றுகிறது.

எண்ணி முடிப்பதற்குள் புதியது வந்துவிடுகிறது. 2011 மார்ச்சில் ஜப்பானை உலுக்கிய பூகம்பத்துக்குப் பின், ஜூன் மாதம் அங்கே லைன் என்ற பெயரில் ஒரு செய்திச் செயலி வெளியானது. ஜப்பான், தைவான், தாய்லாந்து மூன்றிலும் அது நம் ஊர் வாட்ஸ்அப் போல ஊன்றிவிட்டது. 'லைன் பண்ணு' என்றால் செய்தி அனுப்பு என்று பொருள். 1993-ஆம் ஆண்டு எந்திரத்திடம் அப்படி ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் அது ஆறு பெட்டியில் ஒன்றில் போட்டே ஆக வேண்டும். பக்கத்தில் நண்பன், நம்பர், பதில் என்று கிடக்கும் சொற்களைப் பார்த்துத் தொலைபேசிப் பெட்டியில் போடும் என்று நினைக்கிறேன். விடைத்தாளைத் திருத்துபவர்கள் இருவராக இருந்தால், ஒருவர் அதற்குச் சரி போடுவார், இன்னொருவர் அது ஒரு கம்பெனியின் சரக்கு என்று அடித்துவிடுவார்.